துறையா, பிரிவா, கிளையா?

(ஒரகடத்தில் ஆலைத் தொழிலாளர் நடுவே நிகழ்த்திய தமிழுரையின் எழுத்து வடிவம்)

   

வண்டலூரிலிருந்து வாலாசாபாத்து செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் இந்த ஒரகடம். ஏரியும் வயலும் காடுமாய்க் கிடந்த நிலம் இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கொரிய நாட்டு நிறுவனத்தின் மகிழுந்து ஆலை ஆக்கத்தைத் தொடங்கியது. 2006இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய பின்லாந்து நாட்டுக் கைப்பேசி ஆலை 2014இல் மூடுண்டது. 2010இல் பிரெஞ்சு நிறுவனமும் சப்பானிய நிறுவனமும் கூடி இவ்வொரகடத்தில் மகிழுந்து ஆலை அமைத்தன. 2012இல் செருமானியச் சரக்குந்து ஆலை எழுந்தது. கண்ணாடி, உருளிப்பட்டை, இருசக்கர வண்டி என்று இன்னும் பல. ஞாலத்தின் பல மொழிகள் இங்கு வந்து தொழில் நடத்துகின்றன. அவற்றின் நடுவே நம் மொழி வாயிற்காவலனாய் நிற்கிறதா, உள்ளே அமர்ந்து கணக்கெழுதுகிறதா என்பதே என் கேள்வி.

இக்கேள்வி மிகப் பெரிது. ஆதலின் அதன் ஒரு மூலையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு நிறுவனத்தின் உட்பகுப்புகளுக்கு, அஃதாவது நீங்கள் 'டிபார்ட்மெண்ட்', 'டிவிசன்', 'செக்சன்', 'யூனிட்', 'பிராஞ்சு', 'லைன்' என்றெல்லாம் நாள்தோறும் சொல்கின்றவற்றிற்கு, தக்க தமிழ்ச் சொற்கள் எவை? அவற்றை எவ்வாறு தேர்வது? பெயர்ப்பலகை எழுதுவோர் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி இது என்று எண்ணிவிடாதீர்கள். இதில் உங்கள் வயிறும் வாழ்வும் கலந்திருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஓர் ஆணைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். எந்த ஆலை என்பது இங்கு வேண்டா. அதன் தமிழ்ப்படி, "நமது நிறுவனத்தின் மற்றொரு பிரிவுக்குத் தாங்கள் மாற்றப்படுகிறீர்கள்" என்று கூறியது. பூச்சு வேலையிலிருந்து சிப்பம் கட்டும் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள் என்று எண்ணி அவர் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். ஆங்கிலப்படியில் இருந்த சொல் 'யூனிட்'. அந்த 'யூனிட்' இருந்ததோ வேறொரு மாநிலத்தில்! ஒப்பமிட்ட பின் போக மறுத்ததற்கு விளக்கம் கேட்டு அடுத்த ஆணை வந்தது.

அத்தாளை நான் கூர்ந்து படித்தேன். அனுப்பியது 'பணியாளர் பிரிவு'. அனுப்பியது எதன்படி? நிலையாணையின் இன்ன 'பிரிவின்படி'. அனுப்பியது எங்கே? 'மற்றொரு பிரிவுக்கு'. ஒரே தாளில் மூன்று பிரிவு. மூன்றுக்கும் மூன்று பொருள். முதலாவது அலுவல் பகுப்பு, இரண்டாவது சட்டத்தின் கூறு, மூன்றாவது வேறு மாநிலத்து ஆலை. நான்காவதாக ஒரு பிரிவையும் நான் அதில் கண்டேன். பாலைத்திணைக்கு உரிப்பொருளாக நம் முன்னோர் வகுத்தார்களே, வீட்டையும் உற்றாரையும் விட்டு நீங்கும் பிரிவு, அந்தப் பிரிவு. முதல் மூன்றும் குழம்பியதால் நான்காவது அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றது.

தோழர்களே! அத்தாளில் வேற்றுச்சொல் ஒன்றுகூட இல்லை. 'பிரிவு' என்பது ஐயமற்ற தனித்தமிழ்ச் சொல். நம் இயக்கத்தார் பார்த்தால் பாராட்டியிருப்பார்கள். ஆயினும் அத்தாள் ஒரு தொழிலாளரை ஏமாறச் செய்தது. ஆகவே இன்று நான் சொல்ல வந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல் தமிழாய் இருந்தால் மட்டும் போதாது; அது தான் குறிக்கும் பொருளுக்குப் பொருந்தியதாயும், பிற பொருளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதாயும் இருத்தல் வேண்டும். தூய்மை நம் முதற்கடன். செப்பம் இரண்டாம் கடன். முதற்கடனை மட்டும் தீர்த்துவிட்டு இரண்டாவதை மறந்தால், 'தமிழில் சொன்னால் புரியாது, யூனிட் என்றே சொல்லுங்கள்' என்று நம் தொழிலாளரே கேட்கும் நாள் வரும். அன்று தோற்பது நம் ஆர்வக்குறையால் அன்று, நம் சோம்பலால்.

நம்மால் இது முடியுமா என்று ஐயுற வேண்டா. முடிந்திருக்கிறது. உங்கள் பாட்டன்மார் 'பொதுப்பணி இலாகா' என்றார்கள். 'போலீசு இலாகா' என்றார்கள். இலாகா என்பது அரபுச் சொல். 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பின்னர், ஆட்சிச்சொல் அகராதிகள் வெளிவந்தன. கீ. இராமலிங்கனார் போன்ற பெருமக்கள் அலுவலகத் தமிழுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். இலாகா போய்த் 'துறை' வந்தது. சில்லா போய் 'மாவட்டம்' வந்தது. தாலுக்கா இருந்த இடத்தில் 'வட்டம்' வந்தது; தாசில்தார் 'வட்டாட்சியர்' ஆனார். தொடக்கத்தில் இவற்றைக் கேட்டு நகைத்தவர் பலர். இன்று 'காவல்துறை' என்னும் சொல்லைக் கேட்டு எவராவது நகைக்கின்றாரா?

'துறை' ஏன் வென்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள். துறை என்பது நீரில் இறங்கும் இடம். ஆறு ஒன்று, துறை பல. வண்ணான் துறை வேறு, நீராடுதுறை வேறு, தோணித்துறை வேறு. நீர் ஒன்றாயிருக்க, வேலை நோக்கி இடம் பிரிந்தது. பின்னர் அச்சொல் கல்விக்கு வந்தது; பொருளிலக்கணத்தில் திணையின் உட்பகுப்பாயும் நின்றது. அரசு என்னும் ஓர் ஆற்றில் வேலைவகையால் பிரிந்த இறங்குமிடங்களுக்குத் 'துறை' எனப் பெயரிட்டவன் சொல்லின் வேரறிந்து பெயரிட்டிருக்கிறான். அதனால்தான் அது வேர்கொண்டது.

'எதற்கு இத்தனைத் தொல்லை? ஆங்கிலச் சொல் ஞாலமெங்கும் ஒரே பொருள் தருவது. அதையே வைத்துக்கொள்ளலாமே' என்பார் உளர். அவர்க்கு விடையாக வேற்றுமொழிகளின் பக்கம் சிறிது போய் வருவோம்.

'டிபார்ட்மெண்ட்' என்னும் அச்சொல் இங்கிலாந்தில் அமைச்சகத்தையும் குறிக்கும். கடையின் ஒரு மூலையையும் குறிக்கும். பிரெஞ்சு நாட்டில் அதன் உடன்பிறப்பு ஒரு மாவட்டம் போன்ற நிலப்பகுதியைக் குறிக்கும். எசுப்பானிய மொழியில் அதே சொல் 'தேபார்த்தமெந்தோ' என வழங்குகிறது. எசுப்பானிய நாட்டு அலுவலகத்தில் அது வேலைப் பகுப்பு. கொலம்பியாவில் அது ஆளுநரைத் தலைவராகக் கொண்ட பெரும் நிலப்பகுதி. அர்செந்தினாவில் மாநிலத்தின் உட்பகுதி. அதே நாட்டில் அடுக்ககக் குடியிருப்புக்கும் அதுவே பெயர். ஒரே சொல், கடல் தாண்டினால் பொருள் வேறு.

கிளைக்கும் சேய் நிறுவனத்திற்கும் வருவோம். எசுப்பானியர் 'சுகுர்சால்' என்றால், தாய் நிறுவனத்தின் கை. அதற்கெனச் சட்டத்தில் தனி ஆள்நிலை இல்லை. 'பிலியால்' என்றால், தாய் நிறுவனத்தின் உடைமையாயினும் சட்டத்தின் கண்ணில் தனி நிறுவனம். பிரெஞ்சு மொழியிலும் அவ்வாறே. ஆனால் செருமானிய மொழியில் 'பிலியாலெ' என்றால் வெறும் கிளை! ஒலி ஒன்றே; பொருள் தலைகீழ். எசுப்பானிய மொழிபெயர்ப்பாளன் ஒருவன் செருமானியத் தாளைக் கண்டு ஒலியை நம்பி எழுதினால், கிளையைத் தனி நிறுவனமாக்கிவிடுவான். கடனும் வழக்கும் எவன் தலையில் விழும் என்பதே மாறிவிடும்.

ஒலியைக் கடன் வாங்கினால் பொருளும் உடன்வரும் என்பது மயக்கம். எம்மொழியிலும் சொல்லைப் பொருளோடு பொருத்திக் கட்டும் வேலையை அம்மொழியாரே செய்தாக வேண்டும். எசுப்பானியர் அதைச் செய்கின்றனர். அவர்தம் அமைச்சகத்தின் கீழ்ப் பொது இயக்ககம், அதன்கீழ்த் துணைப் பொது இயக்ககம் என்று படிவரிசை சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. 1713இல் அவர்கள் மொழிக்கு அரசக் கல்விக்கழகம் கண்டனர். 1951இல் எசுப்பானியம் பேசும் நாடுகளின் கழகங்கள் பல மெக்சிகோவில் கூடி ஒரு கூட்டமைப்பு ஆயின. தனித்தனி அரசுகள், ஆயினும் சொல்லுக்கு ஒரு கூட்டவை.

சப்பானிய ஆலைகளில் பணியாற்றுவோர் இன்னொன்றும் அறிவீர்கள். அவர்களிடம் 'பு' என்பது பெரும்பகுப்பு, அதனுள் 'கா', அதனுள் 'ககாரி'. ஒருவர் பணிப்பெயரைச் சொன்னவுடன் அவர் எப்படியில் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். ஒருபடிச் சொல் மறுபடிக்கு ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அந்த ஒழுங்கைக் கண்டு நாம் வியக்கிறோம். வியப்பதற்கு முன், நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தோமா?

திறப்போம். இங்கிருந்து நெடுந்தொலைவு போக வேண்டா; அருகிலிருக்கும் மணிமங்கலத்துக் கோயில் கல்வெட்டுகளைப் படியுங்கள். சோழர் காலத்தில் அவ்வூருக்கு எழுதிய முகவரி என்ன? செயங்கொண்ட சோழ மண்டலம், அதனுள் செங்காட்டுக் கோட்டம், அதனுள் மாகணூர் நாடு, அதனுள் மணிமங்கலம். பெரியதிலிருந்து சிறியதற்கு நான்கு படிகள்: மண்டலம், கோட்டம், நாடு, ஊர். தொண்டை மண்டலத்தில் இருபத்துநான்கு கோட்டங்கள் என்பது மரபு. கோட்டத்தை நாடென்றோ, நாட்டைக் கோட்டமென்றோ கல்தச்சன் மயங்கியதில்லை. நிலவரி அதனைப் பொறுத்தது. மயங்கினால் வரி மாறிப்போகும்.

இதே காஞ்சி மாவட்டத்தில் உத்தரமேரூர் இருக்கிறது. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் அங்குள்ளன. குடவோலை முறைக்காக அவற்றை ஞாலம் போற்றுகிறது. நான் இங்குப் போற்றுவது வேறொன்றை. ஊரை முப்பது 'குடும்பு'களாகப் பகுத்தனர். இஃது இடத்தாலும் குடியாலும் அமைந்த பகுப்பு. வேலையை 'வாரியங்'களாகப் பகுத்தனர்: ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என்று. அவ்வூர் பார்ப்பன அவையின் ஆட்சிக்குட்பட்டது. ஆண்டு வாரியத்தின் பெயரை வடசொல்லால் எழுதினர். அவ்வேறுபாடுகள் நமக்குத் தெரியும். ஆயினும் இடப்பகுப்புக்கு ஒரு சொல், வேலைப்பகுப்புக்கு வேறொரு சொல் என்னும் தெளிவைப் பாருங்கள். வீட்டுவசதி வாரியம், குடிநீர் வாரியம் என்று இன்று நாம் சொல்லும் வாரியம் அங்கிருந்து எடுத்ததே.

சோழர் செப்பேடுகளில் 'புரவுவரித் திணைக்களம்' வருகிறது. நிலவரியைக் கணக்கிட்ட அலுவலகம் அது. வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என அதனைச் சார்ந்த பணிநிலைகளும் வருகின்றன. தமிழ்நாட்டில் நாம் அச்சொல்லைப் பொருட்காட்சிச் சாலையில் வைத்தோம். ஈழத் தமிழரோ அதை எடுத்து ஆண்டனர். இலங்கையில் இன்றும் கல்வித் திணைக்களம், தொழில் திணைக்களம் என்றே பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. நாம் அமைச்சகம் என்பதை அவர்கள் அமைச்சு என்பர், சிங்கப்பூரிலும் அமைச்சுதான். இவற்றுள் எது வெல்ல வேண்டும் என்று நான் வழக்காடவில்லை. இரண்டும் தமிழே. ஆனால் எசுப்பானியருக்கு உள்ளது போன்ற சொற்கூட்டவை, தமிழ் வழங்கும் நாடுகளுக்கும் வேண்டாவா?

இனி இற்றை நிலையைப் பார்ப்போம். பண்டைச் சொற்களை மீட்டது நம் வெற்றி. மீட்ட சொற்களைப் படிமுறையில் வைத்தோமா? கேளுங்கள்.

வருவாய்த்துறையில் மாவட்டத்தின் கீழ்க் கோட்டம், கோட்டத்தின் கீழ் வட்டம், அதன்கீழ்க் குறுவட்டம். திருப்பெரும்புதூர்க் கோட்டத்தினுள் திருப்பெரும்புதூர் வட்டம் அடங்கும். அஃதாவது கோட்டம் பெரிது, வட்டம் சிறிது.

மின்கட்டண அலுவலகத்திற்குப் போங்கள். அங்கு மண்டலம், அதன்கீழ் வட்டம், அதன்கீழ்க் கோட்டம், அதன்கீழ் உட்கோட்டம், அதன்கீழ்ப் பிரிவு. அஃதாவது வட்டம் பெரிது, கோட்டம் சிறிது!

அஞ்சலகத்திற்குப் போங்கள். தமிழ்நாடு முழுமையும் ஓர் அஞ்சல் 'வட்டம்'. அதனுள் திருச்சி, மதுரை, கோவை எனத் தலைமையிடங்கள் கொண்ட மண்டலங்கள், அவற்றுள் கோட்டங்கள். அஃதாவது வட்டம் மண்டலத்தினும் பெரிது!

ஒரே ஊரில் ஒரே குடிமகன், வட்டம் என்னும் ஒரே சொல்லை மூன்று அளவில் கேட்கிறான். ஏன் இந்த நிலை? ஒவ்வோர் அலுவலகமும் தன் ஆங்கிலப் பெயரைத் தனித்தனியே மொழிபெயர்த்தது. 'சர்க்கிள்' என்றால் வட்டம், 'டிவிசன்' என்றால் கோட்டம் என்று சொல்லுக்குச் சொல் வைத்தார்கள். தாலுக்காவுக்கும் வட்டமே என்று வேறொருவர் வைத்தார். சொல்லைப் பார்த்தார்கள், படியைப் பார்க்கவில்லை.

'இலக்கியத்திலும் இப்படி உண்டே' என்று புலவர் ஒருவர் என்னை மடக்கினார். உண்மைதான். தொல்காப்பியத்தில் அதிகாரம் பெரிது. ஒவ்வோர் அதிகாரத்தினுள்ளும் ஒன்பது இயல்கள். திருக்குறளிலோ பால், அதனுள் இயல், அதனுள் அதிகாரம். அங்கு இயலினும் அதிகாரம் சிறிது. ஆனால் கூர்ந்து நோக்குங்கள். ஒரு நூலுக்குள் இவை ஒருபோதும் மயங்கியதில்லை. குறளைப் படிப்பவன் தொடக்கத்திலேயே அதன் படிவரிசையை அறிந்துகொள்கிறான். பின் நூல் முடியும்வரை அவனுக்கு ஐயமில்லை. ஆகவே நெறி இது: ஓர் அமைப்பு ஒரு நூல். அதற்குள் ஒரு சொல்லுக்கு ஒரே படி. அப்படிவரிசையை முகப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அரசு முழுமையும் ஒரே நூலாதலே முறை. அஃது அரசின் கடன். உங்கள் ஆலையை ஒரு நூலாக்குவது இன்றே உங்களால் முடியும்.

அதற்கு நான்கு வினாக்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுப்புக்குப் பெயரிடும்போதும் இவற்றைக் கேளுங்கள்.

முதல் வினா: இது வேலையால் பிரிந்ததா? ஆம் எனில் அது துறை. கணக்குத் துறை, கொள்முதல் துறை, பணியாளர் துறை. கைவேலையும் பொறிவேலையும் நடக்கும் இடமாயின் 'பட்டறை' என்னும் நல்ல சொல் நமக்குண்டு. கொல்லன் பட்டறையும் சாயப்பட்டறையும் நம் காதுக்குப் பழையவை. நீங்கள் 'பெயிண்ட் சாப்' என்பதைப் பூச்சுப் பட்டறை என்னுங்கள். தகடுகளை அழுத்தி வடிவாக்கும் இடம் தகட்டுப் பட்டறை. 'பாடி சாப்' என்பதற்குச் சொல் தேடி நான் அகராதி புரட்டவில்லை. கரூரில் பேருந்து கட்டும் தொழிலாளர் நெடுங்காலமாய்க் 'கூண்டு கட்டுதல்' என்கிறார்கள். கூண்டுப் பட்டறை என்றால் அவர்களுக்கும் புரியும், உங்களுக்கும் புரியும். உறுப்புகளைப் பூட்டி முழுவண்டியாக்கும் இடம் பொருத்துப் பட்டறை. துறைக்கும் பட்டறைக்கும் உட்பகுப்பு பிரிவு. பிரிவினுள் நீங்கள் நிற்கும் 'லைன்' வரிசை. வரிசையில் சேர்ந்து வேலை செய்யும் ஆட்கள் அணி. பட்டறை, பிரிவு, வரிசை, அணி: நான்கு படி, நான்கு சொல்.

இரண்டாம் வினா: இது இடத்தால் பிரிந்ததா? ஒரே நிறுவனம் வேறோர் ஊரில் வைத்திருக்கும் அலுவலகமோ விற்பனையிடமோ கிளை. பொருள் ஆக்குமிடமாயின் ஆலை: ஒரகடம் ஆலை, வல்லம் ஆலை என ஊர்ப்பெயரோடு சொல்லுங்கள். பல கிளைகளை இடம்நோக்கித் தொகுத்தால் மண்டலம். 'யூனிட்' என்பதற்கு அலகு என்று சிலர் எழுதுகின்றனர். மின்சாரத்தை அளக்க அலகு பொருந்தும். பறவைக்கும் அலகுண்டு, நேர்த்திக்கடனுக்கும் அலகு குத்துவர். ஆனால் மாந்தர் வேலை செய்யும் இடத்திற்கு அச்சொல் ஒட்டவில்லை. அதைவிடக் கேடு, ஆங்கிலத்திலேயே 'யூனிட்' என்பது பிரிவையும் ஆலையையும் மாறிமாறிக் குறிக்கும் நழுவற் சொல். நழுவற் சொல்லை நழுவலோடு மொழிபெயர்ப்பது நம் வேலையன்று. 'எது?' என்று கேட்டுத் தெளிந்து, பிரிவாயின் பிரிவென்றும் ஆலையாயின் ஆலையென்றும் எழுதுவதே நம் வேலை.

மூன்றாம் வினா: இது சட்டத்தின் கண்ணில் தனி ஆளா? கிளைக்குத் தனி வேர் இல்லை. அடிமரத்து வேரே அதன் வேர். வாழைக்கன்று தாயின் அடியில் முளைத்தாலும் தனக்கென வேர் கொள்ளும். ஆகவே தனிப்பதிவு பெற்ற நிறுவனத்தைக் கிளை என்றோ பிரிவு என்றோ எழுதவே கூடாது. அது சேய் நிறுவனம். அதனை உடையது தாய் நிறுவனம். ஒப்பந்தக்காரர் வழியே வந்தோர் நிலை இவ்விரண்டினும் வேறு. அவர்கள் நிறுவனத்தின் பிரிவாகார், ஒப்பந்தப் பணியாளர். இம்மூன்றையும் 'பிரிவு' என்னும் ஒரே போர்வையால் மூடினால், உங்கள் பணிக்காலம் யாரிடம் தொடர்கிறது, பணிக்கொடை யார் தருவது, நேர்ச்சி உண்டானால் யார் பொறுப்பு என்பவை எல்லாம் அப்போர்வைக்குள் மறைந்துபோகும்.

நான்காம் வினா: இஃது ஆட்களின் கூட்டமா? ஆராய்ந்து முடிவெடுக்க அமர்த்தியவர் குழு. நிலையான பொறுப்போடு அமர்த்தியவர் வாரியம். சேர்ந்து செயல்புரிவோர் அணி. பாதுகாப்புக் குழு என்பது கூடிப் பேசுவோரையும், தீயணைப்பு அணி என்பது ஓடி உதவுவோரையும் குறிக்கட்டும். தீப்பற்றும் வேளையில் குழுவைத் தேடுவதா, அணியைத் தேடுவதா என்று எவரும் தடுமாறக் கூடாது.

இவற்றோடு ஒரு காப்பு நெறியும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பிரிவு' என்னும் சொல்லைத் தனியே நிற்க விடாதீர்கள். சட்டப்பிரிவு என்றோ, பூச்சுப் பட்டறையின் மேற்பூச்சுப் பிரிவு என்றோ அடையோடு எழுதுங்கள். அடையற்ற பிரிவு, முகவரியற்ற மடல். எங்கும் போய்ச் சேரும்.

இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா என்றால், சட்டமே அந்நெறியை ஏற்றிருந்தது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், தன் 9ஆம் பிரிவில், நிலையாணைகளை ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் எழுதி, நுழைவாயிலருகேயும் தொழிலாளர் பணிபுரியும் எல்லாத் துறைகளிலும் பலகையில் வைக்க வேண்டும் என்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் தன் 108ஆம் பிரிவில், அறிவிப்புகளுக்கு அவ்வாறே இருமொழி விதித்தது. அவ்விரு சட்டங்களும் 2025 நவம்பர் 21 முதல் நடுவணரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு இடம்விட்டன. சட்டம் மாறலாம். தனக்கிடும் ஆணையைத் தன் மொழியில் ஐயமின்றி அறிதல் உழைப்பவனின் உரிமை என்னும் அறம் மாறாது. வாயிலில் தமிழ்ப்பலகை தொங்கவிட்டு, அதில் பொருள் நழுவும் சொல்லை எழுதிவைத்தால், சட்டத்தின் உடல் இருக்கும், உயிர் இராது.

ஆகவே தோழர்களே, மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, ஒவ்வோர் ஆலையிலும் பணிபுரியும் தமிழன்பர்கள் நால்வர் அமர்ந்து, அவ்வாலையின் பகுப்புகளை மேலிருந்து கீழாக ஒரே தாளில் எழுதுங்கள்; ஒவ்வொன்றிற்கும் ஒரே தமிழ்ப் பெயர் இடுங்கள்; மேலாளரிடம் கொடுத்து, அறிவிப்புகளில் அதையே ஆளும்படி கேளுங்கள். சொற்களில் ஐயம் எழுந்தால் எங்களைப் போன்ற தமிழாசிரியர்களை அழையுங்கள், வருவோம். இரண்டு, இடமாற்றத் தாளில் பகுப்பின் முழுப்பெயரும் ஊர்ப்பெயரும் தமிழிலேயே இல்லையெனில், ஒப்பமிடுமுன் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். மூன்றாவது வேலை நம் இயக்கத்தாருக்கு. வேற்றுச்சொல் ஒன்றைக் களைந்து தமிழ்ச்சொல் ஒன்றை நட்டவுடன் வேலை முடிந்ததென்று கைதட்டிக் கலையாதீர்கள். நட்ட சொல் எப்படியில் நிற்கிறது, அருகில் நிற்கும் சொல்லோடு மோதுகிறதா, அதைப் படிக்கும் எளியவன் என்ன பொருள் கொள்வான் என்று பார்த்து, நீர் ஊற்றிக் காத்திடுங்கள்.

பல மாநிலத்தாரும் இந்நிலத்தில் நம்மோடு உழைக்கிறார்கள். அவரவர் மொழி அவரவர்க்கு உயிர். நாம் எவர் மொழியையும் பறிக்க வரவில்லை. நம் மண்ணில் நம் உழைப்பை ஆளும் சொற்கள் நம் மொழியில், தெளிந்த பொருளோடு இருக்க வேண்டும் என்றே கேட்கிறோம். அத்தெளிவை முதலில் நாம் உண்டாக்குவோம். பின்னர் அதை உரிமையோடு கேட்போம்.



வாழ்க செந்தமிழ்! வெல்க உழைப்போர்!